குதிரின் மேலே நின்ற பாக்கியம் அக்கா

நெல் கொண்டுவந்த படகுக்காரர் கால்வாய்க் கரையில் கயிற்றைக் கட்டுவதற்கு முன்பே சொல்லிவிட்டார். "பாக்கியம் அக்கா ஆஸ்பத்திரியில போயிட்டாங்க தம்பி. காச்சல்தான்." இருவரும் நெல் கோபுரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றோம். அக்காவோடு வேலை செய்த உங்களில் பலர் இப்போது ஈப்போ பக்கம் போய்விட்டீர்கள். உங்களுக்காகத்தான் எழுதுகிறேன்.

நெல் கோபுரம் என்று பெயர் வைத்தது நாம்தான். கோபுரத்துக்குரிய லட்சணம் எதுவும் அதற்கு இல்லை. கால்வாய் வெட்டி, கிரியான் சதுப்பெல்லாம் வயலான பிறகு ஆலைக்காரர்கள் கட்டியது. படகில் வரும் நெல்லை, வாளிகள் கோத்த பட்டை உச்சிக்குத் தூக்கிப்போய் மரக் குதிர்களில் கொட்டும். அடியிலிருக்கும் மதகைத் திறந்தால் நெல் ஆலைக்கு இறங்கும். ஆலைத் துரை தன் விருந்தாளிகளுக்கு அதைப் பெருமையோடு வெளியிலிருந்து காட்டுவார். உள்ளே ஒருவரையும் கூட்டிப்போனதில்லை.

ரப்பர் விலை விழுந்து தோட்டத்தில் ஆள் குறைத்தபோது நாம் இங்கே வந்தோம். பின்னால் கோபுரம், முன்னால் கால்வாய், நடுவில் நம் லயத்து வீடுகள். விட்டுப்போகலாம் என்றால் எந்தத் தோட்டத்திலும் வேலை இல்லை. "தோட்டத்துலயாச்சும் மரத்துக்கு நடுவுல வானம் தெரிஞ்சிச்சு. இங்க அதையும் மூடி வச்சிருக்கானுங்க" என்பார் அக்கா. சொல்லிவிட்டு அவரே சிரிப்பார்.

ஈர நெல் குதிரின் சுவரில் கட்டிப்போய் ஒட்டிக்கொள்ளும். இடுப்பில் கயிறு கட்டி ஒருவர் இறங்கி, கழியால் குத்தி உதிர்க்க வேண்டும். கயிற்றை மேலே நின்று பார்த்துக்கொள்வது அக்காவின் வேலை. ஆள் இறங்கும்போது பெயரைச் சொல்லிக் கூவுவார்; கீழே மதகுக்காரர் மதகைத் திறக்காமல் கையை எடுத்துவிடுவார். ஆனால் தன் கணவர் ராமையா இறங்கினால் மட்டும் கூவ மாட்டார். கழியால் மரச்சுவரில் தட்டுவார். புருசன் பெயரைச் சொன்னால் அவருக்கு ஆயுசு குறையும் என்பது நம் பெண்களின் நம்பிக்கை. மதகுக்காரரும் நம் லயத்து ஆள் என்பதால் தட்டினாலே புரிந்துகொள்வார்.

அந்த மதகுக்காரர் காய்ச்சலில் படுத்த அன்று இஸ்மாயில் என்ற மலாய்க்காரர் மதகுக்கு வந்தார். பெயர் கூவினால் திறக்காதே என்று அவரிடம் சொல்லியிருந்தார்கள். தட்டும் விஷயம் சொல்ல வேண்டிய ஒன்று என்றே யாருக்கும் தோன்றவில்லை. ராமையா அண்ணன் இறங்கினார். அக்கா தட்டினார். இஸ்மாயில் மதகைத் திறந்துவிட்டார்.

நான் அக்காவுக்குப் பக்கத்தில் நின்றேன். காலடியில் நெல் சுழன்றது. அண்ணன் முழங்கால்வரை போனார், பிறகு இடுப்புவரை, மார்புவரை. கயிறு அவரை இறுக்கியதே தவிர மேலே கொண்டுவரவில்லை. அக்கா சுவரைப் படபடவென்று தட்டினார். அது கேட்டாலும் இஸ்மாயிலுக்கு என்ன புரியும்? அடுத்த கணம் அடிவயிற்றிலிருந்து கத்தினார்: "ராமையா! ராமையா உள்ள! துத்துப்லா! துத்துப்!" மூடு என்ற அந்த மலாய்ச் சொல்லும் பெயரும் கேட்டதுமே இஸ்மாயில் மதகை அடைத்தார்.

நெல் நின்றது. ஆனால் அண்ணனை விடவில்லை. மூச்சை விடும்போதெல்லாம் அது இன்னும் நெருங்கி இறுக்கியது. நாங்கள் இறங்கி, அவரைச் சுற்றிப் பலகைகளைச் செருகி, நெல்லைக் கூடை கூடையாக அள்ளினோம். தூசியில் எங்களுக்கே மூச்சு முட்டியது. அண்ணனுக்குக் கண் சொருகும்போதெல்லாம் மேலேயிருந்து குரல் வரும். "ராமையா! கோழிக்கு யாரு எரை போடுறது? சொல்லு ராமையா!"

"நீயே... போடு."

"மாட்டேன். நீ வந்து போடு, ராமையா!"

பல வருடங்களாகச் சொல்லாத பெயரை அன்று உச்சிப்பொழுது வரை விடாமல் சொன்னார். அண்ணன் உயிரோடு வெளியே வந்தார்.

அதற்கப்புறம் லயத்தில் அக்காவுக்கு மரியாதை போயிற்று. புருசன் பெயரை ஏலம் விட்டவள் என்றார்கள். அக்கா முகத்துக்கு நேராகவே பதில் சொன்னார்: "ஆயுசு கொறைஞ்சிரும்னுதான் வாயப் பொத்துனேன். பொத்துனதுலதான் அது போகப் பாத்துச்சு." வீட்டிலும் கடையிலும் பெயர் சொல்லியே கூப்பிட்டார். அண்ணன் வெட்கத்தில் தலை குனிவாரே தவிர வேண்டாம் என்று சொன்னதில்லை. பெயர் சொன்ன பாவம்தான் அக்காவைக் கொண்டுபோயிற்று என்று இப்போது பேசுகிறவர்களைக் கேட்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. ஆயுசு குறையாமல் அண்ணன் குத்துக்கல்லாக உட்கார்ந்திருக்கிறார். அக்காவைக் கொன்றது காய்ச்சல்.

அக்கா படுத்ததிலிருந்து அவர் நின்ற இடத்தில் என் மனைவி நிற்கிறாள். முதல் நாள் அவளுக்கு வாய் வரவில்லை, கழியைத் தேடினாள். அக்கா காய்ச்சலோடு படியேறி வந்து கழியைப் பிடுங்கி எறிந்தார். "சொல்லுடி. அவன் ஏறி வரணும்ல?"

அக்காவிடமிருந்து எனக்குக் கிடைத்தது அதுதான். இன்று காலையும் குதிருக்குள் இறங்கினேன். என் மனைவி அழுதுகொண்டே, மதகடியில் கேட்கும்படி, "முத்துசாமி உள்ள!" என்று கூவினாள். நான் ஏறி வந்துவிட்டேன்.