முழத்துக்கு எத்தனை அங்குலம்?

இந்தப் பக்கமெல்லாம் பூவைப் பூக்கும் முன்பே விற்றுவிடுகிறார்கள். பர்மாவில், பெகுவிலும் ரங்கூனிலும் இன்னும் இருக்கிற நண்பர்களுக்கு இதைப் படித்தால் சிரிப்பு வரும். என்னைப்போலக் கப்பலேறி வந்து மூலைக்கு ஒருவராக வாழ்கிறவர்கள் தலையாட்டுவார்கள். காலையில் பெண்கள் வாங்கிப் போவது வெறும் மல்லிகை மொட்டு. அதைச் சரமாகக் கட்டி ஈரத்துணியில் சுற்றி வைத்தால், விளக்கு வைக்கும் நேரத்துக்குத் தலையில் தானாக விரிகிறது. நமக்கு அங்கே மலர்ந்ததுதான் பூ. பர்மியப் பெண்கள் படாவ் பூவைக் கொத்தாக, தண்டோடு ஒடித்துக் கொண்டையில் செருகுவார்கள். புத்தர் முன்னால் ஜாடியில் தண்ணீர் ஊற்றி நிற்க வைப்பார்கள். ரங்கூன் கோயில் வாசலில் சரம் கட்டி விற்ற நம்மவர்கள் இருந்தார்கள்தான். ஆனால் அரிசி மில் குமாஸ்தாவான நான் அந்த வேலையை ஏறெடுத்தும் பார்த்ததில்லை. அது என் மடியில் வந்து விழுந்தபோது எனக்கு நாற்பத்திரண்டு வயது.

விழுப்புரத்துக்கு வந்தது, என் மனைவி சௌந்தரத்தின் அத்தை மகன் ஸ்டேஷன் ரோட்டில் ஓர் அறை கொடுத்ததால். அந்த ஊரை அதற்கு முன் நான் படத்தில்கூடப் பார்த்ததில்லை. பர்மிய மொழியில் கணக்கு எழுதத் தெரிந்த ஆளுக்கு அங்கே என்ன வேலை இருக்கும்? நாள் முழுக்க வாசற்படியில் உட்கார்ந்து ரயில் கூவுவதைக் கேட்டுக்கொண்டிருப்பேன். எங்கள் வாசலை ஒட்டிப் பலகை போட்டுப் பூ விற்றவள் ஆரோக்கியமேரி. முகையூர்ப் பக்கத்துப் பெண், முப்பது வயது இருக்காது. புருஷனுக்கு ரயில்வேயில் தண்டவாளம் பார்க்கும் வேலை. மாதத்தில் பாதி நாள் வெளியூர். மாதாவுக்கும் மாரியம்மனுக்கும் அவளிடம் ஒரே நார்தான்.

ஒரு முகூர்த்த நாளில் அவள் முன்னால் பூ மலையாகக் குவிந்து கிடந்தது. நான் வழக்கம்போல வேடிக்கை பார்த்தேன்.

"அண்ணா, சும்மாதான குந்திக்கினு இருக்கீங்க. இந்த நாரக் கிழிச்சுக் குடுங்க" என்றாள்.

தண்ணீரில் ஊறிய வாழைநாரை நகத்தால் நூலாகக் கிழித்துக் கொடுத்தேன். பாதி நடுவில் அறுந்தது. அவள் திட்டவில்லை, அறுந்ததை முடிந்துகொண்டாள். ஊருக்கு வந்தபின் ஒருவர் என்னிடம் வேலை சொன்னது அதுதான் முதல் தடவை. அன்று ராத்திரி நான் இரண்டு கவளம் கூடச் சாப்பிட்டதாகச் சௌந்தரம் சொல்வாள்.

நார் கிழிப்பதிலிருந்து சரம் கட்டுவதற்கு வர ஒரு மாதம் ஆயிற்று. இடது கைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் நாரைப் பிடித்துக்கொண்டு, இந்தப் பக்கம் இரண்டு மொட்டு, அந்தப் பக்கம் இரண்டு மொட்டு, காம்போடு காம்பு சேர வைக்க வேண்டும். வலக்கையால் நாரை ஒரு சுற்றுச் சுற்றி, விரலில் கண்ணி போட்டு, அதைக் காம்பின்மேல் மாட்டி இழுக்க வேண்டும். எழுதும்போது சுலபமாகத்தான் இருக்கிறது. நான் இழுத்த இழுப்பில் காம்பு அறுந்து மொட்டு மடியில் விழும். பயந்து மெல்ல இழுத்தால், தூக்கியதும் சரம் மொத்தமும் உதிரும்.

"அரிசி மூட்டையா கட்றீங்க?" என்பாள் மேரி. "பூவுக்கு வலிக்கக் கூடாது. ஆனா நம்ம பிடிச்சிருக்கறது அதுக்குத் தெரியணும்."

கை கொஞ்சம் பழகியதும் வளவனூர்ப் பக்கத்திலிருந்து முதல் பஸ்ஸில் வரும் கூடைகளை எடுத்துவர என்னை அனுப்பினாள். கூடைக்காரர் மொட்டாக இருந்த கூடையை என் பக்கம் தள்ளினார். நானா ஏமாறுவேன்? காயாக இருப்பதை என் தலையில் கட்டுகிறார் என்று நினைத்து, நன்றாக மலர்ந்த கூடையாகப் பார்த்து எடுத்தேன். அவர் ஒரு மாதிரியாகப் பார்த்தார். பிறகு மறுபேச்சில்லாமல் கொடுத்துவிட்டார். மேரி துணியை விலக்கிப் பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"ஐய, நேத்து மலர்ந்தத வாங்கிக்கினு வந்துகிறீங்களே. மத்தியானத்துக்குள்ள சருகாப் பூடும்."

"மலர்ந்ததுதானே நல்ல பூ?"

"வாங்கறவங்க ஊட்டுல போயி மலரணும்ணா. அதுக்குத்தான் வாங்கறாங்க."

அன்று முழுவதும் அதை உதிரிப்பூவாகக் கோயிலுக்குப் போகிறவர்களிடம் தள்ளிவிட்டோம். எனக்கு வெட்கமாக இருந்தது. அவளோ மறுநாளும் என்னையே அனுப்பினாள்.

ஆறு மாதத்தில் அவள் பலகைக்குப் பக்கத்தில் எனக்கும் ஒரு பலகை போட்டுக்கொள்ளச் சொன்னாள். முதல் நாள் குமாஸ்தா புத்தியில் கேட்டேன்: "ஒரு முழத்துக்கு எத்தனை அங்குலம்?"

அவள் சிரித்த சிரிப்பில் எதிர்க்கடை பீடிக்காரர் எட்டிப் பார்த்தார். "உங்க கை எத்தினி அங்குலமோ அத்தினி."

முழங்கையிலிருந்து நடுவிரல் நுனி வரைக்கும் ஒரு முழம். பாதி ஊர் பூ வாங்குகிற அளவு, ஆளுக்கு ஆள் மாறுகிறது. அதைப் பற்றி யாருக்கும் புகார் இல்லை. பர்மாவில் மில் படி ஒரு சுண்டு குறைந்தாலே அடிதடி நடக்கும். நானும் சிரித்துவிட்டு அளக்க ஆரம்பித்தேன். அதில் இருந்த வம்பு எனக்கு அப்போது தெரியவில்லை.

நான் ஆறடி உயரம். கையும் அதற்கேற்ற நீளம். மேரி குள்ளமான பெண். இரண்டு பலகையிலும் ஒரே கூடைப் பூ, ஒரே மாதிரிக் கட்டு, ஒரே விலை. என் முழம் மட்டும் அவள் முழத்தைவிட நாலு விரல் கூட. ஸ்டேஷனுக்கு வரும் பெண்களுக்கு இது தெரிய ஒரு வாரம்கூட ஆகவில்லை. "நெட்டக்கை அண்ணங்கிட்ட வாங்குடி" என்று ஒருத்தி இன்னொருத்தியிடம் சொன்னது என் காதிலேயே விழுந்தது. வெட்கமில்லாமல் சொல்கிறேன், பெருமையாகத்தான் இருந்தது. நம் கட்டு நேர்த்தியாக இருக்கிறது என்று எண்ணிக்கொண்டேன்.

ஒரு நாள் மேரியின் இரண்டு பெண்களும் பள்ளிக்கூடம் போகும் வழியில் கடைக்கு வந்தன. ஆறு வயது ஒன்று, எட்டு வயது ஒன்று. இரண்டும் கல்யாணப் பெண் மாதிரித் தலை கொள்ளாமல் மல்லிகை வைத்திருந்தன. பின்னல் தெரியாத அளவுக்குப் பூ. "அழகா இருக்குதே" என்று சொல்லிக் கன்னத்தைத் தட்டினேன். மறுநாளும் அப்படியே வந்தன. அதற்கு மறுநாள்தான் எனக்கு உறைத்தது. அது முந்தின நாள் விற்காத பூ. என் பலகை மாலை ஆறு மணிக்கே காலியாகிவிடும். அவள் கூடையில் என்ன மிச்சம் என்று நான் ஒரு நாளும் திரும்பிப் பார்த்ததில்லை. எனக்கு வேலை சொன்ன முதல் ஆளின் பிழைப்பில் நான் மண்ணைப் போட்டிருக்கிறேன். அவளோ வாய் திறந்து ஒரு வார்த்தை சொல்லவில்லை.

யாரிடமும் சொல்லாமல் ஒரு தந்திரம் செய்தேன். அளக்கும்போது விரலை மடக்கிக்கொண்டேன். முழங்கையிலிருந்து விரல் முட்டி வரைக்கும் ஒரு முழம். மேரியின் முழத்துக்குச் சரியாக வரும் என்று கணக்கு. இரண்டு நாள் ஓடியது. மூன்றாம் நாள் ஓர் அம்மாள் பிடித்துக்கொண்டார்.

"ஏங்க, போன வாரம் வெரல நீட்டி அளந்தீங்க. இன்னிக்கி மடக்கிக்கினு அளக்கறீங்க. ஆளு சேந்ததும் கை சுருங்கிப் போச்சா?"

நாலு பேர் கூடினார்கள். பர்மாக்காரர் ஏமாற்றுகிறார் என்று பேச்சு எழுந்தது. உண்மையைச் சொன்னால் மேரிக்கு அவமானம், சொல்லாவிட்டால் எனக்கு. நான் குனிந்து நாரைக் கிழிக்க ஆரம்பித்தேன். மேரி எழுந்து வந்து, தன் கூடையிலிருந்து ஒரு முழம் அறுத்து அந்த அம்மாளிடம் கொடுத்து அனுப்பினாள். பிறகு என் பக்கம் திரும்பினாள். அவ்வளவு கோபமாக அவளை நான் பார்த்ததே இல்லை.

"எனக்காகத்தான மடக்குனீங்க?"

"இல்லம்மா, கை வலி..."

"பொய் சொல்லாதீங்க. எங்க ஆத்தா கையும் இத்தினிதான். இத்த வச்சுத்தான் ஆறு பேர வளத்துச்சு. என் வியாபாரத்த நான் பாத்துக்குவேன். நீங்க நீட்டி அளங்க. அது நான் கத்துக் குடுத்த கை. அத்தப் போயி திருட்டுக் கைன்னு நாலு பேரு சொல்லலாமா?"

நீட்டி அளந்தால் அவள் பிழைப்புப் போகும், மடக்கி அளந்தால் அவள் பேர் போகும். வீட்டுக்குப் போய்ச் சௌந்தரத்திடம் எல்லாவற்றையும் கொட்டினேன். பிறர் கேட்கக் கூடாததைப் பேச எங்களுக்கு இன்னும் பர்மிய மொழிதான். அவள் அதிகம் யோசிக்கவில்லை. "கையை வெட்டிக்கொள்ள முடியாது, பலகையை நகர்த்தலாம்" என்றாள்.

திண்டிவனத்தில் மாலை கட்டுகிறவர் இருக்கிறார், சரம் கட்டத்தான் ஆளில்லை, பெருமுக்கல் மலைக்கோயிலுக்குப் போகிறவர்கள்கூட வெறும் உதிரிப்பூதான் கொண்டுபோகிறார்கள் என்று பஸ் கூடைக்காரர் சொல்லியிருந்தார். அங்கே பலகை போடப் போவதாக மேரியிடம் சொன்னேன். அவள் வெகுநேரம் கட்டிக்கொண்டே இருந்தாள். கிளம்பும் அன்று ஒரு கட்டு நாரை ஈரச்சாக்கில் சுற்றி என் கையில் வைத்தாள்.

"அங்க நாரு எப்படி இருக்குமோ. ஒரு வாரத்துக்கு இத்த வச்சுக்கங்க. பொறவு வந்து வாங்கிக்கினு போங்க."

பஸ்ஸில் அந்தச் சாக்கை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். வேட்டி முழுக்க நனைந்தது. ரங்கூன் துறைமுகத்தில் வராத அழுகை, முப்பது மைல்கூட இல்லாத இந்தப் பயணத்தில் எனக்கு வந்தது.

இப்போது அந்த நாருக்காகவே வாரம் ஒரு முறை விழுப்புரம் போய் வருகிறேன். மேரியின் பெண்கள் அளவோடு பூ வைத்துக்கொண்டு பள்ளிக்கூடம் போகின்றன. ஆனால் உங்களுக்கு நான் எழுத நினைத்தது திண்டிவனத்தில் பலகை போட்ட முதல் நாளைப் பற்றி. சௌந்தரம் பக்கத்தில் உட்கார்ந்து துணியை நனைத்துக்கொண்டிருந்தாள். ஒரு பெரியம்மா வந்து ஒரு முழம் கேட்டார். புது முகமாக இருக்கிறதே என்று என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"எந்த ஊருங்க நீங்க?"

"விழுப்புரம்" என்றேன்.

யோசித்துச் சொல்லவில்லை, வாயில் வந்துவிட்டது. பெரியம்மாவும், அதில் என்ன அதிசயம் என்பதுபோல, "அதான, கட்டப் பாத்தாலே தெரியுது" என்றார்.

சௌந்தரம் துணியைப் பிழிவதை நிறுத்திவிட்டு, தலை நிமிராமல், பர்மிய மொழியில் மெதுவாகக் கேட்டாள்: "விழுப்புரமா?"

"ஆமா" என்று தமிழில் சொல்லிவிட்டு, கையை முழுசாக நீட்டி அளந்தேன்.