மதியச் சாப்பாட்டில் உப்பு

இதயத்துக்கு ஆகாது, உப்பைக் குறைக்க வேண்டும் என்று டாக்டர் சொன்ன அன்றே என் மனைவி உப்பு ஜாடியைப் பரணில் ஏற்றிவிட்டாள். "ரெண்டு குழம்பு வைக்க எனக்கு முடியாது. ஒங்க நாக்குக்கு என்னவோ அதுதான் எனக்கும்" என்றாள். கருவாடு, அப்பளம், மோர் மிளகாய் எல்லாம் வீட்டை விட்டுப் போயின. ஒரு சிட்டிகை உப்போடு மிளகையும் எலுமிச்சையையும் வைத்து ஒப்பேற்றினாள்.

எனக்குப் பட்டாசுக் கம்பெனியில் பேக்கிங் வேலை. மதியம் வெடிமருந்து அறைகளை விட்டுத் தள்ளி, வேப்பமரத்தடியில் எல்லோரும் வட்டமாக உட்காருவோம். தூக்குவாளியைத் திறந்ததும் குழம்பு கைமாறிவிடும். வாங்க மறுத்தால் சாதி பார்க்கிறான் என்று மனம் கோணுவார்கள். அந்த நியாயத்துக்குப் பின்னால் என் நாக்கு சௌகரியமாக ஒளிந்துகொண்டது. எனக்கு நெஞ்சுக் கோளாறு என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவர்களே ஊற்றியிருக்க மாட்டார்கள். சொல்லவில்லை. பக்கத்தில் உட்காரும் அக்கா கருவாட்டுக் குழம்பை ஊற்றுவார். என் வீட்டுக் குழம்பு கம்பெனி நாய்க்குப் போகும். சாயங்காலம் காலித் தூக்கைப் பார்த்து மனைவி சந்தோஷப்படுவாள். அதைப் பார்க்கக் கூச்சமாக இருக்கும். மறுநாளும் அதையேதான் செய்வேன்.

போன மாதம் விருதுநகர் டாக்டர் பிரஷர் பார்த்துவிட்டு, இறங்கவே இல்லையே என்று மாத்திரையைக் கூட்டினார். உப்பைக் குறைத்தீர்களா என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் அவள் முந்திக்கொண்டாள்.

"என் மேலதான் தப்பு, டாக்டர். கைப்பழக்கத்துல கூடப் போட்டுட்டேன் போல. இனி அந்தச் சிட்டிகையும் போடல."

நான் சுவரில் தொங்கிய காலண்டரையே பார்த்துக்கொண்டிருந்தேன். வெட்கம் பிடுங்கித் தின்றது.

சென்ற ஞாயிறு தாயில்பட்டியில் அவள் தம்பி மகளுக்குக் காதுகுத்து. பந்தியில் பக்கத்துப் பக்கத்து இலை. கறிக்குழம்பில் முதல் வாய் வைத்ததும் அவள் அவசரமாகத் தண்ணீரை எடுத்தாள்.

"எப்பிடித்தான் திங்காகளோ, இம்புட்டு உப்பை. ஒங்களுக்கும் கரிக்குதுல்ல?"

என் நாக்குக்கு அது அளந்து போட்ட உப்பு.

"ஆமா" என்றேன்.

அவள் முகம் தெளிந்தது. "அப்பப் பிரஷர் கொறஞ்சிரும். நாக்கு பழகிருச்சுல்ல" என்றவள், என் இலையில் இருந்த கறியைத் தன் இலைக்குத் தள்ளிக்கொண்டு, முகத்தைச் சுளித்தபடி அவளே தின்று முடித்தாள்.