சுகமானதாகச் சொல்லிவிட்டு மறைத்த கால் வலி

பயந்துகொண்டேதான் இதை எழுதுகிறேன். போன வருஷம் சபையில் சுகமானதாக ஒரு தடவை சாட்சி சொல்லிவிட்டு நான் பட்ட பாடு ஆண்டவருக்குத் தெரியும். அவருக்கு நன்றி சொல்லத்தான் மறுபடியும் எழுதுகிறேன். எட்டாவதோடு படிப்பை விட்டவள். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் வீடு மண்ணூரில். ஒரகடத்தில் கார்களுக்கு வயர் கட்டும் கம்பெனியில் கான்ட்ராக்டில் இருந்தேன். எட்டு மணி நேரமும் நின்றபடி வேலை. போன ஜூன் மாதம், வயர் நிறைந்த டிரேயைக் குனிந்து தூக்கும்போது இடுப்பில் சுருக்கென்றது. ஒரு வாரத்தில் வலி இடது பிட்டத்தில் இறங்கி, தொடை, கெண்டைக்கால், பாதம் என்று நெருப்பாய் ஓடியது. தும்மினால் உயிர் போகும். எனக்கு இயல்பிலேயே பயம் அதிகம். தலைவலி வந்தாலே கட்டியாக இருக்குமோ என்று நினைப்பவள். கால் போய்விட்டால் என்ன செய்வேன் என்று தினமும் அழுதேன்.

ஜூலையில் சபையில் மூன்று நாள் உபவாச ஜெபம். பாஸ்டர் தலையில் கை வைத்து ஜெபித்தார். பாட்டும் கண்ணீருமாய் இருந்த அந்த நேரம் வலி தெரியவில்லை. உண்மையாகவே தெரியவில்லை. எங்கள் சபையில் சுகம் பெற்றவர்கள் அப்போதே எழுந்து மைக்கில் சொல்ல வேண்டும். சொன்னால்தான் சுகம் நிலைக்கும் என்பார்கள். நானும் சொன்னேன். எல்லார் முன்னாலும் குனிந்து தரையைத் தொட்டுக் காட்டினேன். கை தட்டினார்கள். மறுநாள் காலை எழுந்திருக்க முடியவில்லை.

அங்கேதான் தப்பு செய்தேன். வலி திரும்பியது என்று சொன்னால் விசுவாசம் இல்லாதவள் என்பார்கள். ஆண்டவர் பெயருக்கும் என்னால் இழுக்கு. என் சந்தேகத்தால் நானே சுகத்தைத் தொலைத்தேனோ என்று வேறு பயம். வாயை மூடிக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமை சம்மணம் போட்டு உட்கார்ந்து பல்லைக் கடித்துக்கொண்டு பாடுவேன். வலி மாத்திரையை பைபிள் பைக்குள் ஒளித்து வைத்திருந்தேன்.

என் வீட்டுக்காரர் கண்டுபிடித்துவிட்டார். "இன்னாமே, சபையில தரையத் தொட்டுக் காட்டுன. வூட்ல செருப்பு மாட்ட என்னியக் கூப்புடற?" என்றார். சிரித்துக்கொண்டுதான் கேட்டார்.

செப்டம்பரில் ஒரு மத்தியானம் கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி நடந்து வந்தேன். வாசலில் பார்த்தால் இடது காலில் செருப்பு இல்லை. எங்கே கழன்றதென்று தெரியவில்லை. கொதிக்கிற ரோட்டில் வெறுங்காலோடு வந்திருக்கிறேன். பெருவிரலடியில் கொப்பளம். சுட்டதே தெரியவில்லை. சுவரில் சாய்ந்து அழுதேன். வலியை எடுத்துப்போடும் என்று அன்று கேட்கவில்லை. "ஆண்டவரே, யாரிடமாவது உண்மையைச் சொல்ல என் வாயைத் திறந்துவிடும்" என்று மட்டும் கேட்டேன்.

இரண்டு நாள் கழித்து பாஸ்டரம்மா வீட்டுக்கு வந்தார்கள். நான் காலை இழுத்து நடப்பதைப் பார்த்தார்கள். ஒன்றும் கேட்காமல் ஆட்டோவில் ஏற்றி, ஸ்ரீபெரும்புதூரில் ஒரு பிசியோதெரபி அம்மாவிடம் கூட்டிப்போனார்கள். எத்தனை நாளாய் வலி என்று அந்த அம்மா கேட்டார். பாஸ்டரம்மா பக்கத்திலேயே நிற்கிறார்கள். மூன்று நாளாய் என்றேன்.

அவர் இரண்டு கால்களையும் தொட்டுப் பார்த்தார். இடது பெருவிரலை மேலே தூக்கச் சொன்னார். தூக்க வரவில்லை.

"மூணு நாள்ல கெண்டைக்கால் இவ்ளோ இளைக்காதுக்கா. சரியா சொன்னாதான் நான் கை வைக்க முடியும்."

என் வாய் திறந்தது. சாட்சி சொன்ன மறுநாளே வலி வந்ததையும், மறைத்ததையும், செருப்பு கழன்றதையும் சொல்லிவிட்டேன். பாஸ்டரம்மாவின் முகத்தை நான் பார்க்கவில்லை.

"எனக்கு மட்டும் இன்னா, ரெண்டு முட்டியும் தேஞ்சி போய் கீது. நான் யார்கிட்ட சொன்னேன்?" என்றார்கள் பாஸ்டரம்மா.

அந்த அம்மா உடனே சிகிச்சையைத் தொடங்கவில்லை. சிறுநீர் தெரியாமல் போகிறதா, தொடை இடுக்கில் மரத்திருக்கிறதா என்று விசாரித்தார். அப்படி இருந்தால் நேரே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டுமாம். எனக்கு அது இல்லை. ஆனாலும் விரல் தூக்க வராததால் முதலில் எலும்பு டாக்டரிடம் அனுப்பினார். ஸ்கேனில், முதுகெலும்புக்கு இடையிலிருக்கும் தட்டு பிதுங்கிக் காலுக்குப் போகும் நரம்பை அழுத்துவது தெரிந்தது. ஆபரேஷன் இப்போது வேண்டாம், விரலைக் கவனிப்போம், இன்னும் மறைத்திருந்தால் கால் என்ன ஆகியிருக்கும் என்று சொல்ல முடியாது என்றார் டாக்டர்.

பிறகு வாரம் மூன்று நாள் அந்த அம்மாவின் கை. இடுப்பை உள்ளங்கையால் மெல்ல அழுத்துவார். பிட்டத்தில் இறுகிய சதையை விரலால் தளர்த்துவார். காலைக் கொஞ்சம் கொஞ்சமாய்த் தூக்கி இறக்குவார். வீட்டில் குப்புறப் படுத்து கையூன்றி எழும்பச் சொன்னார். மூன்றாம் வாரம் கால் வலி குறைந்து இடுப்பு வலி கூடியது. அவ்வளவுதான், முடிந்தது என்று அழுதேன். வலி காலை விட்டு மேலே ஏறுவது நல்ல அடையாளம் என்று அவர் சொன்ன பிறகுதான் மூச்சு வந்தது.

வேலைக்குப் போகாததால் கான்ட்ராக்டிலிருந்து என் பெயரை எடுத்துவிட்டார்கள். அந்தக் கஷ்டம் இன்னும் தீரவில்லை. ஆனால் டிசம்பரில் பெருவிரல் அசைந்தது.

ஜனவரியில் மறுபடியும் சபையில் மைக் வாங்கினேன். ஜூலையில் அவசரப்பட்டுச் சொல்லிவிட்டேன், கால் இப்போது பரவாயில்லை, விரல் இன்னும் பாதி மரத்துத்தான் இருக்கிறது என்றேன். யாரும் கை தட்டவில்லை. வந்து உட்கார்ந்தேன்.

என்னைப் போல வலியை மறைத்துக்கொண்டு பாடுகிறவர்களே, ஆண்டவரிடம் சொல்லுங்கள். பிறகு ஒரு மனுஷரிடமும் சொல்லுங்கள். அதற்காக ஆண்டவர் கோபித்துக்கொள்ள மாட்டார். அன்று ஆராதனை முடிந்து செருப்பு தேடும்போது நான்கு சகோதரிகள் ஒவ்வொருவராய் என் பக்கத்தில் வந்தார்கள். அந்த பிசியோ அம்மா எங்கே இருக்கிறார் என்று மெதுவாகக் கேட்டார்கள். அதில் ஒருவர், ஜூலையில் எனக்குச் சற்று முன் மைக்கில் சுகமானதாகச் சாட்சி சொன்னவர்.