எடு என்ற சொல்

ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் போகும் வழியில் ஒரு நூற்பாலை. புதிதாகச் சேரும் பெண்களுக்கு வேலை பழக்கிவிடுவது என் பொறுப்பு. ஜார்க்கண்டிலிருந்து ஒன்பது பேர் வந்திறங்கினார்கள். அவர்களுக்குத் தமிழ் தெரியாது, எனக்கு இந்தி தெரியாது. ஆறு நாளில் பழக்கி மெஷினுக்கு அனுப்ப வேண்டும்.

தரையில் கிடந்த பஞ்சைக் காட்டி "எடு" என்றேன், எடுத்தார்கள். "போடு" என்றேன், கூடையில் போட்டார்கள். "புரிஞ்சுதா?" என்று கேட்டால் ஒன்பது தலையும் ஆடும். அவர்களில் இளையவளுக்குப் பத்தொன்பது வயது. எல்லோருக்கும் முந்தி அவள்தான் "சரிக்கா" என்பாள்.

ஏழாம் நாள் காலை அவளை ஒரு பழைய மெஷினில் விட்டேன். உருளையில் பஞ்சு சுற்றிக்கொண்டால், மெஷினை நிறுத்திவிட்டுத்தான் கை வைக்க வேண்டும். மூன்று தடவை சொல்லியிருந்தேன், தமிழில். கொஞ்ச தூரம் போய்த் திரும்பிப் பார்க்கிறேன், ஓடுகிற மெஷினுக்குள் அவள் கை.

"எடு, கைய எடு" என்று கத்தினேன்.

என்னைப் பார்த்துத் தலையாட்டிவிட்டு, கையை இன்னும் உள்ளே விட்டாள். அவளுக்குத் தெரிந்த 'எடு' பஞ்சை எடுப்பதுதான்.

எப்படி ஓடினேன் என்று தெரியாது. மெஷினை நிறுத்தும் சிவப்புப் பட்டனை அடித்த பிறகும் உருளை உடனே ஓயவில்லை. அவள் அலறியது இன்றைக்கும் என் காதில் இருக்கிறது.

ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரிக்கு வேனில் கொண்டுபோனோம். துண்டில் சுற்றிய அவள் கை என் மடியில் இருந்தது. பிரித்துப் பார்க்க எனக்குத் தைரியமில்லை. அவள் ஒரே வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சொன்னாள். வலிக்கிறது என்கிறாளா, தண்ணீர் கேட்கிறாளா, தெரியவில்லை.

வழியில் மேனேஜர் போன் செய்தார். "அந்தப் பிள்ளை கையெழுத்து இருக்குல்ல? பொறவு ஏன் பயப்படுதிய?"

இருந்தது. பயிற்சித் தாளில், 'சொன்னதெல்லாம் புரிந்தது' என்ற தமிழ் வரிக்குக் கீழே, இந்தியில். அவளால் படிக்க முடியாத வரி. அதில் கையெழுத்து வாங்கியவள் நான்தான்.

இரண்டு விரல் நுனி கிழிந்திருந்தது, எலும்புக்கு ஒன்றுமில்லை என்றார் டாக்டர். பட்டாளத்துக்காரரைக் கட்டி வடக்கே சில வருஷம் இருந்துவிட்டு வந்த ஒரு நர்ஸ் அவளிடம் இந்தியில் பேசிவிட்டு என்னைப் பார்த்தார்.

"ஊருக்கு அனுப்பிராதீங்கன்னு கெஞ்சுதும்மா. புரியலன்னு சொன்னா அனுப்பிருவீகன்னு பயந்துக்கிட்டுத்தான் தலையாட்டுச்சாம்."

மறுநாள் மேனேஜர் முன்னால் போய் நின்றேன். "அவங்களே செஞ்சு காட்டாம யாரையும் மெஷினுக்கு அனுப்ப மாட்டேன் சார்."

"வேலை நிக்குமேம்மா."

"நிக்கட்டும் சார்." என் வேலை போனாலும் போகட்டும் என்று நின்றேன். கடைசியில் அவர், "ஒரு வாரம் பாருங்க" என்றார்.

மீதி எட்டுப் பேரிடமும் மெஷினை நிறுத்திக் காட்டச் சொன்னேன். ஐந்து பேருக்குச் சிவப்புப் பட்டன் எதற்கென்றே தெரியவில்லை. 'நில்' என்பதற்கு அவர்கள் 'ருக்கோ' என்று சொல்லிக்கொடுத்தார்கள். இரைச்சலில் கேட்காவிட்டால் இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்குவது என்று முடிவு செய்தோம்.

புண் ஆறி அவள் திரும்பி வந்தாள். இப்போது புதியவர்களுக்கு என்னோடு நின்று இரண்டு மொழியிலும் சொல்லிக்கொடுக்கிறாள். நன்றாகத்தான் நடக்கிறது. ஆனாலும் புதுப் பிள்ளை ஒருத்தி மெஷினைப் போடும்போது நான் அவள் முகத்தைப் பார்ப்பதில்லை, கையைத்தான் பார்க்கிறேன்.