தகரை விதையும் ஓர் ஆயுத பூஜையும்

காலை ஷிப்ட் பஸ்ஸில் நான் ஏறி உட்கார்ந்ததும், கிணறு துளைக்கும் பிரிவின் போர்மேன் கலியமூர்த்தி பக்கத்தில் வந்து நின்றார். "பிசின் சாரு போயிட்டாருங்க. நெஞ்சு வலின்னு சொல்லிக்கினு இருந்தாராம், ஆஸ்பத்திரிக்குத் தூக்கறதுக்குள்ள முடிஞ்சிபோச்சி" என்றார். பஸ்ஸில் ஒருவரும் யார் என்று கேட்கவில்லை. பிச்சையா என்ற அவருடைய சொந்தப் பெயர்தான் டவுன்ஷிப்பில் இருக்கும் உங்களில் பாதிப் பேருக்குத் தெரியாது.

நிலக்கரிச் சுரங்கத்தின் ஆய்வுக்கூடத்தில் அவருக்கும் எனக்கும் அடுத்தடுத்த மேஜை. எங்களுக்கு இட்ட வேலை நிலக்கரியையும் தண்ணீரையும் சோதிப்பது. அவரோ முருங்கைப் பிசின், வேப்பம் பிசின், புளியங்கொட்டை மாவு என்று எதையாவது ஊறவைத்து, இரண்டு விரலுக்கு நடுவே இழுத்துப் பார்த்துக்கொண்டிருப்பார். நாற்றம் தாங்காமல் நான் சண்டை பிடித்திருக்கிறேன். "பிடிக்கத் தெரிஞ்சா போதாது வே, வேலை முடிஞ்சா விடவும் தெரியணும். அதுதான் நல்ல பிசின்" என்பார், திருநெல்வேலி இழுவையோடு.

அவர் சும்மா சொல்லவில்லை. சுரங்கத்துக்கு அடியிலிருக்கும் நீரை ஓயாமல் இறைக்காவிட்டால் அது தரையைப் பிளந்துகொண்டு வந்துவிடும் என்பது இங்கே பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியும். அதற்கான கிணறுகளைத் துளைக்கும்போது, பக்க மணல் சரியாமலிருக்கக் களிமண் குழம்பை ஊற்றுவார்கள். அது மணலைத் தாங்கும், கூடவே ஊற்றுக்கண்ணையும் அடைத்துவிடும். பிறகு கழுவி எடுப்பதற்குள் ஆட்களுக்குப் பிராணன் போய்விடும். வேலை முடியும்வரை தாங்கி, பிறகு தானே கெட்டு நீராகப் போகிற ஒரு குழம்பைப் பிச்சையா தேடினார். பக்கத்துக் கம்மாபுரம் தரிசுகளில் சீந்துவாரில்லாமல் முளைத்துக் கிடக்கும் ஊசித்தகரைச் செடியின் விதையில் அது கிடைத்தது.

தகரை மாவை ஏன் காய்ச்ச வேண்டும், கொத்தவரை விதை மாவு பச்சைத் தண்ணீரிலேயே கரைகிறதே என்று ஒருநாள் கேன்டீனில் கேட்டேன். மோரில் கிடந்த கறிவேப்பிலை ஈர்க்கை எடுத்து மேஜைமேல் வைத்தார். "ரெண்டுமே சர்க்கரையாலே கோத்த சங்கிலிதான், இந்த ஈர்க்கு மாதிரி. பக்கத்திலே தொங்குற சர்க்கரைதான் இலைன்னு வச்சுக்கிடும். கொத்தவரைக்கு இலை நெருக்கம். நடுவிலே தண்ணி புகுந்துரும். தகரைக்கு இலை கம்மி. மொட்டை ஈர்க்கெல்லாம் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிப் படுத்துக்கிடும். சூடு காட்டினாத்தான் பிரியும்." பிறகு அந்த ஈர்க்கை இலையோடு வாயில் போட்டுக்கொண்டார்.

விதை தட்டிக் கொண்டுவந்தவள் கம்மாபுரத்து அம்மாளு. சுரங்கத்துக்கு நிலம் போனபோது, நிலமே இல்லாத அவளுக்குக் கூலி வேலை மட்டும் போயிற்று. "இது தேறிச்சின்னா எங்க ஜனங்களுக்கு வருசா வருசம் வேல இருக்குமாங்க?" என்று கேட்டாள். "இருக்கும்மா" என்றார் பிச்சையா. அந்த ஒரு வார்த்தைதான் அவரைப் பிறகு நிம்மதியாக இருக்கவிடவில்லை.

ஒரே ஒரு கிணற்றுக்கு அனுமதி கிடைத்தது. கேன்டீன் அண்டாவைக் கேட்டு வாங்கி, துளைக்கும் இடத்திலேயே மாவைக் காய்ச்சினோம். துளை பாதிக்குமேல் இறங்கியபோது ஆயுத பூஜை வந்தது. கலியமூர்த்தியின் ஆட்கள் மெஷினைக் கழுவி, சந்தனம் குங்குமம் வைத்துப் பூசணிக்காய் உடைத்தார்கள். பூஜை போட்ட மெஷினை மறுபூஜை வரை யாரும் தொடுவதில்லை. களிமண் குழம்பு எந்த விடுமுறையையும் தாங்கும். அந்தப் பழக்கத்தில் யாருக்கும் கவலை எழவில்லை. தகரைக் குழம்பு இளகத் தொடங்கியிருந்ததைப் பிச்சையா மட்டும் விரலால் தொட்டுப் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் பொரி வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனார். விடுமுறை கழித்துப் போய்ப் பார்த்தால், துளை சரிந்து குழாய்கள் உள்ளே புதைந்து கிடந்தன.

"தெரிஞ்சும் ஏன் வாயை மூடிக்கிட்டு வந்தீர்?" என்று கத்தினேன்.

"போன வருசம் அதே மெஷின்ல ஒருத்தன் கை போச்சு. பூசை போட்ட பெறகுதான் பயலுவ தெளிஞ்சு நிக்கானுவ. அதை எடுத்து ஓட்டிப் புதுக் குழம்பு ஏத்துங்கன்னு சொல்ல எனக்கு வாய் வரல வே" என்றார்.

அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை. செத்துப்போன மனிதர் மேல் கோபப்படக் கூடாதுதான். விசாரித்தவர்கள் இயற்கைச் சரக்கை நம்ப முடியாது என்று சொல்லி முடித்துவிட்டார்கள். களிமண்ணே திரும்பி வந்தது. இன்னொரு கிணறு கேட்டுக் கேட்டு, ஒரு கட்டத்தில் அவர் கேட்பதையும் விட்டார். துளை இருந்த இடத்தையே சுரங்கம் பிறகு வெட்டித் தின்றுவிட்டது.

ஆனால் அம்மாளு வருவதை நிறுத்தவில்லை. தை மாதம் தவறாமல் ஒரு பை விதையோடு வந்து நிற்பாள். இனி வேண்டாம் என்று சொல்லவும் அவருக்கு வாய் வரவில்லை. வாங்கி மேஜைக்கு அடியில் வைத்துக்கொள்வார்.

காரியம் முடிந்து, அவர் மனைவி குவார்ட்டர்ஸைக் காலி செய்து லாரியில் சாமான் ஏற்றிக்கொண்டிருந்த அன்றும் அம்மாளு வந்தாள். "சாரு எங்கங்க? வெத கொணாந்துக்கீறேன்" என்றாள். சொன்னேன். தலையில் கைவைத்து அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். பிறகு, "அப்ப இனிமே வெத வேணாங்களா?" என்று கேட்டாள். பையை வாங்கிக்கொண்டேன்.

அவருடையது என்று என்னிடம் இருப்பது அந்தப் பைதான். ஒரு பிடி எடுத்துப் பொடித்துக் காய்ச்சி, அவர் மேஜைமேல் ஒரு கிண்ணத்தில் வைத்தேன். விரலில் இழுத்தால் நூலாக வந்தது. சில நாள் கழித்துத் தொட்டபோது வெறும் தண்ணீர். அவர் சொன்னது சொன்னபடி நடந்திருக்கிறது. அதை வைத்துக்கொண்டு செய்ய ஒன்றுமில்லை. அடுத்த தையிலும் அம்மாளு வருவாள்.