டாக்டர் ராசப்பனின் புறங்கை

"தெர்மாமீட்டர் பொய் சொன்னாலும் சொல்லும், இந்தக் கை சொல்லாது. இதுக்குத் தெரியாத காய்ச்சல் சேலம் ஜில்லாவுல இன்னும் பொறக்கலை."

1943-ஆம் வருஷம் சித்திரை மாதத்தில் டாக்டர் ராசப்பன், எல்.எம்.பி., தமது வலது புறங்கையைச் சபைக்குக் காட்டி இவ்வாறு அறிவித்தார். சபை என்றால் கம்பவுண்டர் மாதையன், மருந்துக்குக் காத்திருந்த பதினாறு பேர், யாரோ வாசலில் கட்டிவிட்டுப் போயிருந்த ஒரு வெள்ளாடு. ஆஸ்பத்திரியின் ஒரே தெர்மாமீட்டர் அன்று காலையில்தான் உடைந்திருந்தது. புதிது கேட்டு எழுதினார். யுத்த காலமாதலால் இப்போதைக்கு இல்லை, உடைந்ததைப் பத்திரமாக அனுப்பி வைக்கவும் என்று மேலிடத்திலிருந்து பதில் வந்தது.

ராசிபுரத்திலிருந்து நாமக்கல் போகிற பஸ் நின்று தண்ணீர் ஊற்றிக்கொள்ளும் ஊர் அது. அங்குள்ள ஆஸ்பத்திரிக்கு இரண்டு டாக்டர், இரண்டு கம்பவுண்டர், ஒரு மருத்துவச்சி என்பது சர்க்கார் உத்தரவு. சின்ன டாக்டரும் ஒரு கம்பவுண்டரும் பட்டாளத்துக்குப் போய்விட்டார்கள். மாற்றலாகி வந்த மருத்துவச்சி, தாம் குடியிருக்க வேண்டிய அறையின் கூரையை அண்ணாந்து பார்த்துவிட்டு வந்த பஸ்ஸிலேயே திரும்பினார். ஆகவே அந்த ஐந்து பேர் வேலையும் ராசப்பன், மாதையன் இருவர் தலையில்தான். பல் பிடுங்குவது, பிரசவம், போலீஸ் கொண்டுவரும் பிணத்தை அறுப்பது, கிணறுகளுக்கு மருந்து போடுவது எல்லாம் இவர்கள் பாடு. லீவு கேட்டால், பதில் ஆள் வந்ததும் தாராளமாகப் போகலாம் என்பார்கள். பதில் ஆள் நாலு வருஷமாக வரவில்லை. அதைக் குறையாக நினைத்துக்கொண்டிருந்தால் பைத்தியம் பிடித்துவிடும் என்று பெருமையாக மாற்றிக்கொண்ட புத்திசாலி ராசப்பன். கை பிரபலமானது அப்படித்தான்.

வந்தவர் நெற்றியில் புறங்கையை வைப்பார். சுட்டால் மாதையனைப் பார்த்து இரண்டு விரல் காட்டுவார். வந்தவர் கொண்டுவந்த சீசாவில் மலேரியாவுக்கான கொய்னா மருந்து விழும். சுடாவிட்டால் விரல் இல்லை, கொய்னாவும் இல்லை. கொய்னா வந்துகொண்டிருந்ததே ஜாவாவிலிருந்துதான்; சப்பான்காரன் அங்கே இறங்கியதிலிருந்து அதற்கு அத்தனை கிராக்கி.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது, கூடவே மலேரியாவும். ஒரு சந்தை நாள் காலையில் டாக்டருக்கு எலும்புக்குள் குளிரடித்தது. கோட்டை மாட்டிக்கொண்டு பழியை மழைமேல் போட்டார். கொஞ்சம் படுத்துக்கொள்ளச் சொன்ன மாதையனிடம், அப்படியானால் வெளியே நிற்கிற நூறு பேரை யார் பார்ப்பது என்று கேட்டார். மாதையன் போய்க் கதவைத் திறந்துவிட்டார்.

முதல் ஒரு மணி நேரம், விறைத்துப்போன அந்தக் கைக்கு எல்லா நெற்றியும் சுட்டது. காலில் கருவேல முள் ஏறி நொண்டி வந்த சின்னுசாமிக் கவுண்டருக்கும் இரண்டு விரல். காலில்தான் நோவு என்று அவர் சொல்லிப் பார்த்தார். காய்ச்சல் காலில்தான் ஆரம்பிக்கும் என்று விளக்கம் கிடைத்தது.

உச்சிப் பொழுதுக்குக் குளிர் விட்டது. டாக்டர் கோட்டைக் கழற்றினார், சட்டைப் பொத்தானையும் கழற்றினார். இப்போது ஒரு நெற்றியும் சுடவில்லை. ஜுரம் ஜில்லாவை விட்டே ஓடிவிட்டதென்று அவருக்கு ஒரே குஷி. கம்பளியைச் சுற்றிக்கொண்டு பல் கிடுகிடுக்க நின்ற குஞ்சம்மாளை, ஒன்றுமில்லை, கூழைக் குடித்துவிட்டுப் படு என்று வெறும் சீசாவோடு அனுப்பினார். மாதையன் மனசுக்குள் கணக்குப் போட்டார். அவள் ஊர் ஆறு மைல். இன்று போனால் அடுத்த சந்தைக்குத்தான் வருவாள், வந்தால். இவளைப் போல முப்பது பேர் போய்விட்டார்கள். ஆனால் விரலில்லாமல் மருந்து ஊற்றக் கம்பவுண்டருக்கு அதிகாரமில்லை.

அந்நேரம் சின்னுசாமி திரும்பி வந்தார். கையில் குடிக்காத கொய்னா, காலில் எடுக்காத முள். டாக்டர் மறுபடியும் நெற்றியைத் தொட்டார். சின்னுசாமி அந்தக் கையை விடாமல் பிடித்துக்கொண்டார்.

"ஏனுங்க டாக்டரய்யா, மாட்டுக்குக் காச்சல்னா நாங்க காதைத் தொட்டுப் பாப்போமுங்க. தொடறவன் கை அடுப்பாட்டம் இருந்தா மாடு சில்லுன்னுதானுங்க இருக்கும்."

மாதையன் மேசையைத் துடைக்கிற சாக்கில் டாக்டரின் மணிக்கட்டைத் தொட்டுப் பார்த்தார். "கொதிக்குதுங்க" என்றார் மெதுவாக.

ராசப்பன் தம் கையை, வேறு யாரோ விட்டுப்போன கையைப் பார்ப்பது போலப் பார்த்தார். பிறகு எழுந்தார், எழுந்தவர் உட்கார்ந்தார். "குஞ்சம்மாளைக் கூப்பிடு. போன அத்தனை பேரையும் கூப்பிடு. நீயே தொட்டுப் பாத்து நீயே ஊத்து."

மாதையன் சந்தைக்குள் ஓடித் தண்டோராக்காரனைப் பிடித்தார். நல்லவேளை, எவரும் இன்னும் ஊர் திரும்பவில்லை. குஞ்சம்மாள் மிளகாய்க்கு விலை பேசிக்கொண்டு நடுங்கியபடி நின்றாள். சின்னுசாமியின் சீசா அவள் சீசாவுக்குள் கவிழ்ந்தது. அநியாயமாகக் காய்ச்சல் சுமத்தப்பட்ட மற்றவர்களும் ஒவ்வொருவராக வந்து மருந்தைத் திருப்பித் தந்தார்கள். மாலைக்குள் சின்னுசாமியின் முள்ளும் வெளியே வந்துவிட்டது.

டாக்டரை வார்டுக் கட்டிலில் படுக்க வைத்து மாதையன் தந்தி அடித்தார். நாலு வருஷ விண்ணப்பத்துக்கு வராத பதில் ஆள், 'டாக்டர் படுத்துவிட்டார்' என்ற செய்திக்கு மூன்றாம் நாளே பஸ்ஸில் வந்து இறங்கினார். நடுவில் இரண்டு நாள் ஆஸ்பத்திரி மாதையன் கையால் ஓடியது. ஒரு உயிரும் போகவில்லை. கட்டிலுக்கு மேலே கூரை ஒழுகியதுதான் ஒரே சேதம். கட்டிலை நகர்த்தினார்கள். ராசப்பன் தூங்கினார். இரண்டு டாக்டருக்குச் சேர வேண்டிய நாலு வருஷத் தூக்கம்.

அடுத்த சந்தைக்குச் சின்னுசாமி ஒரு சீப்புப் பழத்தோடு பார்க்க வந்தார். "காச்சல் உட்டுருச்சுங்களா?"

ராசப்பனின் புறங்கை பழக்கப்படி அவருடைய சொந்த நெற்றியை நோக்கிக் கிளம்பியது. பாதி வழியில் நின்றது, இறங்கியது.

"மாதையா, இங்க வந்து கொஞ்சம் தொட்டுப் பாரு."

மாதையன் தொட்டுப் பார்த்தார். விரல் காட்டவில்லை.