பூஜ்யத்தில் சுழன்ற ஃபேன்

முடிச்சூரில் எங்கள் ஃபிளாட்டில் ஃபேன் ஸ்விட்ச் எப்போதும் ஆனிலேயே கிடக்கும். புதிதாகப் போட்ட எலக்ட்ரானிக் ரெகுலேட்டரைப் பூஜ்யத்துக்குத் திருப்பித்தான் ஃபேனை நிறுத்துவோம். கிறிஸ்துமஸுக்கு முன்பு அப்படி நிறுத்திவிட்டு, முன்கதவைத் தாழிட்டு, ஸ்டூலில் ஏறி இறக்கைகளைத் துடைத்தேன். துடைத்த வேகத்தில் ஃபேன் தானாகச் சுற்ற ஆரம்பித்து, என் கழுத்தைச் சுற்றிக் கிடந்த துப்பட்டாவைச் சுருட்டிக்கொண்டது. இரு கைகளாலும் இறக்கையைப் பிடித்துக்கொண்டேன். விட்டால் கழுத்து இறுகும்.

“விமலாக்கா!” என்று எதிர்வீட்டுக்குக் கேட்க அலறினேன்.

“கதவைத் தொறம்மா, இன்னா ஆச்சு?”

“முடியாதுக்கா! கீழ போய் எங்க மீட்டர் ஃபியூஸைப் புடுங்குங்க!”

அக்கா கீழே ஓடி ஃபியூஸைப் பிடுங்கிய பிறகுதான் இறக்கை அடங்கியது; அதற்குள் என் கை மரத்துப்போயிருந்தது. பூஜ்யத்திலும் அந்த ரெகுலேட்டரில் கரண்ட் கசியுமாம்; கையால் லேசாகத் தள்ளினாலே ஃபேன் சுற்ற அது போதுமாம்.

இப்போது ஸ்விட்சை அணைத்து, தாழையும் நீக்கிவிட்டுத்தான் ஸ்டூலில் ஏறுகிறேன். திருடன் வந்தாலும் பரவாயில்லை, கூப்பிட்டால் உள்ளே வர ஒரு ஆள் வேண்டும்.